கனகசெட்டிக்குளத்துத் தையல்நாயகி

நான் ஒரு பி.டி. மாஸ்டர். இதைக் கேட்டு உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்றால், நீங்கள் என்னை நேரில் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

பி.டி. என்றால் உடற்பயிற்சி என்று அரசாங்கம் சொல்கிறது. பெருத்த தொந்தி என்று எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு சொல்கிறது. பெயர் சக்கரபாணி. வயது நாற்பத்தேழு. எடை தொண்ணூற்று நான்கு கிலோ. புதுச்சேரி டவுனுக்குள் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வேப்பமரத்தடியில், ஒரே நாற்காலியில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்து விசில் ஊதுகிறேன். நான் ஊத ஊத பையன்கள் ஓடினார்கள். அவர்கள் ஓடி ஓடி இளைத்தார்கள். நான் ஊதி ஊதி ஊதிவிட்டேன்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டிலும் இரண்டு விசில் உண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று குக்கருடையது. குக்கர் விசில் அடித்தால் யாராவது எழுந்து ஓடுவார்கள்.

யாராவது என்ன யாராவது? என் மனைவி அமுதவல்லிதான். மகள் கடலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அதில் ஒருவர் ஓடுவார், ஒருவர் சாப்பிடுவார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அமுதா மயங்கி விழுந்தாள். ரேஷன் கடை வரிசையிலேயே விழுந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை என்றார் டாக்டர். "என்னம்மா சாப்பிடறீங்க?" என்று கேட்டார். "எல்லாரும் சாப்பிட்டப்புறம் மிஞ்சினத" என்றாள். எல்லாரும் என்றால் நான். நான் சாப்பிட்ட பிறகு என்ன மிஞ்சும் என்று டாக்டர் என் வயிற்றைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

அத்தோடு அவள் மாறிவிட்டாள். கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம், காலையில் பீச் ரோட்டில் நடை. ஆறே மாதத்தில் கன்னம் சிவந்தது. பிறகு பெண்கள் சங்கம் ஒன்று நடத்திய மூன்று மாதப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு வந்தாள். அடுத்த வாரமே எங்கள் வாசலில் ஒரு போர்டு தொங்கியது.

'அமுதம் பெண்கள் நல மையம். உணவு, உடம்பு, மனசு. பெண்களுக்கு மட்டும். பெண்களின் ரகசியம் காக்கப்படும்.'

காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் வகுப்பு. நேரில் வர முடியாதவர்களுக்கு மதியம் மூன்றரை முதல் நான்கரை வரை போனில் ஆலோசனை. முதலில் பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி மட்டும் வந்தாள். பிறகு நான்கு பேர். பிறகு நாற்பது பேர். காலையில் தலைக்கு மேலே நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் குதித்தால் கீழே படுத்திருப்பவனுக்கு எப்படி இருக்கும்? கூடவே அமுதாவின் குரல்: "மிச்சத்த சாப்பிடறதுக்கு நீங்க என்ன குப்பைத்தொட்டியா? தட்டுல உங்களுக்கும் மொதல்ல எடுத்து வைங்க!"

எனக்கு எரிந்தது. உடம்பைப் பற்றிப் படித்துப் பட்டயம் வாங்கியவன் நான். அவளோ என்னையே எடை பார்க்கிற மாதிரி பார்க்கிறாள்.

ஒரு நாள் காலையில் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சியை என் முன்னால் வைத்தாள்.

"இதக் குடிங்க. இட்லி ரெண்டு போதும்."

"மிச்ச ஏழு?"

"நாலு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது உங்களுக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் பாக்கியலட்சுமி துணி காயப் போடுவது தெரிந்தது. ஆண்மகனுக்குச் சோதனை வந்தால் எப்போதும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி துணி காயப் போட்டுக்கொண்டிருப்பாள். எழுந்து நின்றேன்.

"அமுதா! ஒரு உடற்கல்வி ஆசிரியனுக்கு அவன் பொண்டாட்டி உடம்பப் பத்திப் பாடம் எடுக்கறதா? இன்னையோட கேட்டுக்க. உன் கஞ்சி, உன் கிளாசு, உன் ஆலோசனை எதுவும் எனக்குத் தேவையில்ல. நீயே வந்து கெஞ்சினாலும் கேக்கமாட்டேன்!"

"சரிங்க" என்றாள் அமுதா. "போர்டுலகூட பெண்களுக்கு மட்டும்னுதான் போட்டிருக்கேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. துணி சிரிக்குமா?

நவம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை. எங்கள் தலைமை ஆசிரியை சந்திரகலா மேடம் கூப்பிட்டார். ஜூனில்தான் எங்கள் பள்ளிக்கு வந்தவர். வந்ததிலிருந்து எல்லாவற்றையும் புதுசு புதுசாகச் செய்கிறவர்.

"மாஸ்டர், பிப்ரவரில ஸ்போர்ட்ஸ் டே. இந்த வருஷம் சுடர் ஓட்டத்தோட ஆரம்பிக்கறோம்."

"நல்லது மேடம். நெடுநெடுன்னு ஒரு பையனாப் பாத்து..."

"பி.டி. மாஸ்டர் இருக்கறப்ப பையன் எதுக்கு? சுடர நீங்கதான் ஏந்தறீங்க. மைதானத்தச் சுத்தி ரெண்டு ரவுண்டு."

"மேடம், ரெண்டு ரவுண்டுன்னா அறுநூறு மீட்டர்."

"உங்களுக்கு அதெல்லாம் ஒரு தூரமா மாஸ்டர்?"

இல்லை என்று சொல்லிவிட்டேன். முதல் தப்பு. வெளியே வந்து, இப்போதே ஓடிப் பார்க்கலாம் என்று ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தேன். இரண்டாவது தப்பு. டர்ர்ர்ர். பேண்ட்டின் பின்பக்கத் தையல் மேலிருந்து கீழ்வரை பிரிந்தது.

வருகைப் பதிவேட்டால் பின்பக்கத்தை மூடிக்கொண்டு எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்குள் ஓடினேன். பூத் சாமிக்கண்ணுவுடையது. பழைய மில் தொழிலாளி. யார் என்ன பேசினாலும் காது கொடுக்காத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டே ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறவர். வேறு பேண்ட் எடுத்து வரச் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போன் போட்டேன். மணி மூன்றே முக்கால்.

"அமுதம் பெண்கள் நல மையம். வணக்கம்மா, சொல்லுங்க."

தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தேன். இருபத்திரண்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசியதே இல்லை. நானும் 'சொல்லுங்க' என்று அவள் கேட்கும்படி எதுவும் பேசியதில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் மூளையில் ஒரு மின்னல். சபதமும் கெடாது, ஆலோசனையும் கிடைக்கும்! தொண்டை தானாக மெலிந்தது.

"வணக்கம்ங்க... எனக்கு ஒடம்பு கொறையணுங்க."

சாமிக்கண்ணுவின் பேப்பர் கீழே இறங்கியது.

"அதுக்கென்னம்மா, கொறச்சிடலாம். ஒங்க பேரு?"

என் இடது கை பேண்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. வேறு எந்த நினைப்பும் வரவில்லை.

"தையல்..."

"தையல்?"

"...நாயகிங்க."

"அருமையான பேரு. எந்த ஊரு?"

வெளியே ஒரு டவுன் பஸ் போனது. அதன் நெற்றியில் எழுதியிருந்ததைப் படித்தேன். "கனகசெட்டிக்குளம்ங்க. தூரம். நேர்ல வர முடியாதுங்க."

"பரவால்லம்மா. வயசு?"

"நாப்பத்தேழு."

"எடை?"

"தொண்ணூத்தி நாலு."

"எத்தன கொழந்தைங்க?"

"ஒண்ணுங்க. பொண்ணு."

"சொகப்பிரசவமா, ஆபரேஷனா?"

"...சரியா ஞாபகம் இல்லைங்க."

"ஞாபகம் இல்லையா?"

"நான் அப்ப வராந்தாவுல நின்னுக்கிட்டிருந்தேங்க."

எதிர்முனையில் ஒரு இருமல். பிறகு இன்னொரு இருமல். அடுத்தடுத்து நாலு இருமல்.

"சரிம்மா. சாப்பாட்டு விஷயம் சொல்லுங்க. வீட்ல எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சினதத்தான சாப்பிடறீங்க?"

"இல்லைங்க, எனக்குத்தான் மொதல்ல போடுவாங்க."

"யாரு போடுவா?"

மாட்டிக்கொண்டேன். "எங்க... வீட்டுக்காரருங்க."

"புருஷன் பரிமாறுவாரா! அந்த மகராசனோட போட்டோ ஒண்ணு அனுப்புங்கம்மா. மையத்துல மாட்டி வெக்கறேன்."

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட மணி அடித்தது. "அது என்னம்மா மணி?" என்றாள். கோயில் மணி என்றேன். "பக்தியான ஊரு" என்றாள். வாரா வாரம் வியாழக்கிழமை இதே நேரத்துக்குப் பேசுவதென்று முடிவானது. போனை வைத்தேன்.

"தொண்டையில என்ன மாஸ்டர்?" என்றார் சாமிக்கண்ணு.

"சளி."

"பொம்பளச் சளியா?"

பேண்ட்டை மறந்தே போனேன். அன்று மாலை சுவரோரமாக நண்டு மாதிரி நடந்து வீடு போய்ச் சேர்ந்தேன். ஆனால் மனசு ராஜநடை போட்டது. நாற்பது பெண்களுக்கு வழி சொல்கிறவளை ஒற்றைப் போனில் கவிழ்த்துவிட்டேனே! பிரெஞ்சுக்காரன் இருந்தபோது நான் பிறந்திருந்தால் என்னைக் கவர்னராகவே ஆக்கியிருப்பான்.

தையல்நாயகிக்கு முதல் வாரக் கட்டளை: காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் கொள்ளு ரசம், சோறு ஒரே கரண்டி. இதைச் சபதம் கெடாமல் வீட்டில் எப்படிச் சாப்பிடுவது? அதிர்ஷ்டம் பாருங்கள், மறுநாள் காலையில் அமுதாவே சொன்னாள்.

"கஞ்சி ஒரு சொம்பு மிஞ்சிப் போச்சு. கோடி வீட்டு மாட்டுக்கு ஊத்திடவா?"

"மாட்டுக்கா? சாப்பாட்ட வீணாக்கறது பாவம். கொண்டா இப்படி."

"வேணாங்க, உங்களுக்குப் புடிக்காது."

"கொண்டான்னா கொண்டா!"

அதட்டி வாங்கிக் குடித்தேன். அன்றிலிருந்து தினமும் கஞ்சி மிஞ்சியது. இவளுக்கு அளவே தெரியவில்லை என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். கொள்ளு ரசமும் மிஞ்சியது. முதல் மூன்று நாள் அது கொல்லும் ரசம். நாலாம் நாளிலிருந்து நானே கேட்டு ஊற்றிக்கொண்டேன்.

இரண்டாம் வாரம்: "தையல்நாயகி, இடுப்புச் சதை கரையணும்னா வீட்ட நீங்களே தொடைக்கணும். குச்சி வெச்ச மாப்பு கூடாது. குந்தி உக்காந்து, முன்னாடி போயி பின்னாடி வந்து, ரூம் ரூமா."

அன்று மாலையே அமுதாவிடம் போனேன். "நீ பாவம், காலையிலேர்ந்து கத்திக்கிட்டிருக்க. வீட்ட நான் தொடைக்கறேன்."

"ஐயய்யோ! நீங்களா? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"யாரு என்ன சொன்னா எனக்கென்ன!"

"மாட்டேன், ஈரத்துணிய குடுக்கவே மாட்டேன்."

கெஞ்சினேன். ஐந்து நிமிஷம் மன்றாடித்தான் அந்தத் துணியை வாங்கினேன். ஒரு அறை முடிவதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது. ஆனாலும் துடைத்தேன். மூன்றாம் வாரம் ஆட்டுக்கல். கிரைண்டர் ரிப்பேர் என்றாள் அமுதா, என் நல்ல காலம். நான்காம் வாரம் குடத்தில் தண்ணீர் எடுத்து மாடி ஏறுவது. அந்த வாரம் பார்த்து மோட்டார் ஓடவில்லை. தையல்நாயகிக்கு எது தேவையோ அது எங்கள் வீட்டில் தானாகக் கெட்டுப்போனது. தெய்வமே என் பக்கம் என்று நம்பினேன்.

"என்னண்ணே, வீடு கண்ணாடி மாதிரி மினுக்குது!" என்றாள் பாக்கியலட்சுமி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அவள் புருஷன் விஜயராகவன் என்னைத் தெருவில் பார்த்தால் பல்லைக் கடித்தான். "உங்களால எங்க வீட்லயும் துணிய கையில குடுத்துட்டா மாஸ்டர்."

டிசம்பர் முடிவதற்குள் ஆறு கிலோ போனது. பள்ளிக்கூடத்தில் நாற்காலியை விட்டு எழுந்தேன். பையன்களோடு அரை ரவுண்டு, பிறகு முக்கால், பிறகு ஒன்று. பெல்ட்டில் புதிய ஓட்டை போட வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு எனக்கு வேறு பெயர் தேட ஆரம்பித்தது.

ஒரே ஒரு தடவைதான் ஆபத்து வந்தது.

"தையல்நாயகி, வர்ற ஞாயித்துக்கிழம நானே கனகசெட்டிக்குளம் வரேன். ஒங்க தெருப் பொண்ணுங்கள ஒரு பத்து பேரச் சேத்து வைங்க."

"ஐயோ, வராதீங்க!"

"ஏம்மா?"

"வீட்ல நாய் இருக்குதுங்க. கடிக்கும்."

"நாய்க்கெல்லாம் நான் பயப்படமாட்டேன்."

"மாமியாரும் இருக்காங்க."

"அப்பச் சரி. போன்லயே பேசுவோம்."

சாமிக்கண்ணு பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

ஜனவரியில், பொங்கல் முடிந்த வியாழக்கிழமை. "ஒடம்பு சரியாயிட்டு வருது. இன்னைக்கு மனசப் பத்திப் பேசுவோம்" என்றாள். "ஒங்க மனசுல என்னம்மா பாரம்?"

"ஒண்ணுமில்லைங்க. ஒங்களுக்கு?" என்று கேட்டேன். ஒரு குறும்புதான். என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று ஒரு நப்பாசை. "ஒங்க வீட்டுக்காரரு நல்லவராங்க?"

 போனில் ஏதோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"நல்லவருதாம்மா. குடிக்கமாட்டாரு, கை நீட்டமாட்டாரு. ஆனா இருபத்திரண்டு வருஷத்துல நீ சாப்பிட்டியான்னு ஒரு நாள் கேட்டதில்ல. அதுகூடப் பரவால்ல. எங்க மாமனாரு நாப்பத்தொம்பது வயசுல எங்க வீட்டு மாடிப்படில மூச்சு வாங்குதுன்னு உக்காந்தாரு. எழுந்திருக்கல. எங்க வீட்டுக்காரருக்கு இப்ப நாப்பத்தேழு. ஏறும்போது அவரும் அதே எடத்துல, அதே எட்டாவது படில உக்காருவாரு. நான் கீழ நின்னு எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... அவர் எழுந்திருக்கற வரைக்கும். சில நாள் அறுவது வரைக்கும் போவும்."

எனக்குப் பெண் குரலும் வரவில்லை, ஆண் குரலும் வரவில்லை. பூத்தின் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அப்பாவின் முகம் போலவே இருந்தது.

"வெக்கறேங்க" என்று மட்டும் சொன்னேன். சாமிக்கண்ணு அன்று எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனேன். கை கால் கழுவினேன். தட்டு போட்டாள். நான் உட்காரவில்லை.

"அமுதா, நீ சாப்பிட்டியா?"

கரண்டியோடு நின்றாள். 

"இன்னும் இல்லைங்க."

"இன்னொரு தட்டு எடு. சேந்து சாப்பிடலாம்."

அதன் பிறகு நான் சுடருக்காக ஓடவில்லை. பீச் ரோட்டில் விடியற்காலையில் தனியாக ஓடினேன். மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறி, எட்டாவது படியை மிதித்துத் தாண்டினேன். கீழே அமுதா ஏதோ வேலையாக நிற்பாள். எண்ணுவதற்கு அவளுக்கு நேரமே கொடுக்கவில்லை.

ஸ்போர்ட்ஸ் டே வந்தது. எடை எண்பத்திரண்டு. புது வெள்ளைப் பேண்ட், இரட்டைத் தையல். மைதானம் நிறையக் கூட்டம். பெற்றோர்களுக்கான பந்தலைப் பார்த்தேன். முன் மூன்று வரிசையிலும் அமுதாவின் நாற்பது பெண்கள்! நடுவில் அமுதா, பட்டுப்புடவையில். பக்கத்தில் போனேன்.

"இவங்க எல்லாம் எப்படி?" என்றேன்.

"எச்.எம். மேடந்தான் கூப்பிட்டாங்க" என்றாள்.

சந்திரகலா மேடம் சுடரைக் கையில் கொடுத்தார். பேண்டு வாத்தியம் முழங்கியது. ஓடினேன்.

முதல் ரவுண்டு நான் ஓடவில்லை, மிதந்தேன். பையன்கள் வாயைப் பிளந்தார்கள். பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்த ஒரு சிலை எழுந்து ஓடினால் யார்தான் பிளக்கமாட்டார்கள்? இரண்டாவது ரவுண்டு பாதியில் காற்று திரும்பியது. சுடரின் புகை முழுதும் என் மூக்குக்குள் போனது. கண் எரிந்தது. கால் இரண்டும் ஆட்டுக்கல் ஆனது. இன்னும் நூற்றைம்பது மீட்டர். நின்றுவிடலாம் என்று தோன்றியது. நடை தளர்ந்தது. மைதானமே அமைதியானது.

அப்போது பந்தலில் பாக்கியலட்சுமி நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள்.

"தையல்நாயகீ! மூச்ச மூக்கால இழுங்க!"

சுடர் கையிலிருந்து நழுவப் பார்த்தது. அதற்குள் நாற்பது பெண்களும் எழுந்துவிட்டார்கள்.

"தையல்நாயகி! தோள தளத்துங்க!"

"கொள்ளு ரசத்த நெனச்சுக்கங்க தையல்நாயகி!"

"தையல்நாயகி! தையல்நாயகி!"

அதை ஏதோ வெற்றி முழக்கம் என்று நினைத்து ஆயிரம் பையன்களும் கூடவே கத்த ஆரம்பித்தார்கள். மைதானம் அதிர்ந்தது. எனக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை வெட்கம் பிடுங்கியது. அந்த இடத்தை விட்டு எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது என்று ஒரே பாய்ச்சல். கடைசி நூறு மீட்டரை என் இருபது வயதில்கூட அந்த வேகத்தில் ஓடியிருக்கமாட்டேன். மேடையேறினேன். கொப்பரையில் சுடரை வைத்தேன். தீ குப்பென்று எழுந்தது.

கைதட்டல் அடங்கவே இல்லை. சந்திரகலா மேடம் எழுந்து நின்று தட்டினார். விஜயராகவன்கூட தட்டினான். பந்தலில் அமுதா மட்டும் தட்டவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. ஆனால் உட்காரத் தோன்றவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக நான் பி.டி. மாஸ்டர்.

சாயந்திரம் வீட்டில், பள்ளிக்கூடத்தில் போட்ட மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அமுதாவைக் கூப்பிட்டேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"எது?"

"அதான்... கனகசெட்டிக்குளம்."

"வணக்கம்னு சொன்னீங்களே, அப்பலேர்ந்து. இருபத்திரண்டு வருஷம் உங்க கொறட்டையையே கேட்டுக்கிட்டிருக்கேன், கொரலு தெரியாதா?"

"அந்தப் பொம்பளைங்களுக்கு?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து ஸ்பீக்கர்ல போட்டேன். வியாழக்கிழம மூணரைக்கு ஒரு கூட்டம் வரும் பாருங்க, சினிமாவுக்குக்கூட அப்படி வராது. வராந்தாவுல நின்னேன்னு நீங்க சொன்னத நான் சொன்னப்ப பாக்கியலட்சுமிக்கு விக்கலே வந்துடுச்சு."

"ரகசியம் காக்கப்படும்னு போர்டு போட்டிருக்கியே!"

"பெண்களின் ரகசியம்னு போட்டிருக்கேன்."

 பிறகு மெதுவாகக் கேட்டேன். "அந்த எட்டாவது படி சொன்னியே... அதையுமா எல்லாரும் கேட்டாங்க?"

அமுதா தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்கு மட்டும் ஸ்பீக்கர அணைச்சிட்டேன்."

  அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு என் கௌரவத்தின் ஞாபகம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சரி. நீ ஜெயிச்ச. கஞ்சி உன்னுது, ரசம் உன்னுது, போனும் உன்னுது. ஆனா ஒண்ண மட்டும் நீ ஒத்துக்கணும். அத்தன வாத்தியாருங்க இருக்கறப்ப எச்.எம். மேடம் சுடர என் கையிலதான் குடுத்தாங்க. அது என்னோட தெறமையப் பாத்து, அவங்களா எடுத்த முடிவு."

அமுதா தட்டு இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்:

"சுடர் ஓட்டம்னு ஒண்ணு வைங்க, அதுல எங்க வீட்டுக்காரர ஓட விடுங்கன்னு அக்டோபர்ல அவங்க ஆலோசனைக்குப் போன் பண்ணினப்பவே சொல்லி வெச்சது நான்தாங்க."